ஒரு வாட்

படகின் வயர்லெஸ் பெட்டியில் இரைச்சலை அடக்க ஒரு திருகு உண்டு. முழுக்கத் திருகினால் இரைச்சலோடு தூரத்துக் குரல்களும் அடங்கிவிடும். இரண்டு வருடங்களுக்கு முன், மூழ்கும் படகிலிருந்து என் தம்பி க்ளீட்டஸ் கூப்பிட்டபோது, பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த வலேரியன் அதைத்தான் செய்தான். அன்று அவன் வலையில் கணவாய் குவிந்திருந்தது. விட்டுப் போக மனமில்லை.

கரையில், "எனக்கு ஒண்ணும் கேக்கல" என்று மாதா மேல் சத்தியம் செய்தான். அப்போது அவன் படகில் வேலை செய்த பத்ரோஸ், க்ளீட்டஸின் நாற்பத்தொன்றாம் நாள் பூசைக்குப் பிறகு என்னிடம் உண்மையைச் சொன்னான். குடிகாரன் பேச்சு என்று நீண்டகரைத் துறைமுகமே சிரித்தது. அன்றிலிருந்து பத்ரோஸ் என் படகில்.

மே மாதக் கடைசி. மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. எல்லாப் படகும் கேட்கும் பதினாறாம் சேனலில் அந்தக் குரல் வந்தது.

"யாராவது கேக்குறீங்களா? இன்ஜின்ல தண்ணி ஏறிடுச்சு. அஞ்சு பேர் இருக்கோம்."

வலேரியன். அந்தக் கடலில் நாற்பது படகாவது இருந்திருக்கும். ஒருவரும் பதில் சொல்லவில்லை. பத்ரோஸ் சிரித்துவிட்டான்.

"மீன் இருக்குற இடம் ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு எப்பவும் ஒரு வாட் பவர்லயே பேசுவாரு, சேட்டா. சாகப் போறப்பவும் மாத்த மறந்துட்டாரு பாருங்க."

ஒரு வாட் மூன்று நான்கு மைல் தாண்டாது. நான் இரண்டு மைலில் இருந்தேன்.

மைக்கை எடுத்துப் பொத்தானை அமுக்கினேன். பேசவில்லை. அமுக்கியிருக்கும்வரை அவன் குரல் எனக்குக் கேட்காது. அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது. என் தம்பி கடைசியாகக் கேட்டதும் இதைத்தான்.

"சேட்டா, அங்க அஞ்சு பேர் இருக்காங்க."

"தெரியும். க்ளீட்டஸ் கூட நாலு பேர் இருந்தாங்க." பிறகு மைக்கில் சொன்னேன்: "வலேரியா, செலஸ்டின் பேசுறேன்."

"நீயா... வேற யாரும் இல்லையா?"

"உன் குரல் எனக்கு மட்டுந்தான் எட்டுது. மைக்குல பவர் பொத்தானை அமுக்கி இருபத்தஞ்சு வாட்டுக்கு மாத்து. க்ளீட்டஸ் கூப்பிட்டப்ப உன் கை எங்க இருந்துச்சுன்னு சொல்லு. மத்த படகு வர ஒரு மணி நேரம் ஆகும். நான் கால் மணியில கயிறோட வருவேன்."

"இதுவாடா அதுக்கு நேரம்? மாதாவ நினைச்சு வாடா!"

"மாதாவுக்கு ஒரு வாட்டே போதும். ஊருக்குத்தான் பத்தாது."

பிறகு அதே குரல், இருபத்தைந்து வாட்டில், காதோரம் நின்று பேசுவதுபோலத் தெளிவாக வந்தது.

"நான் வலேரியன். அன்னைக்கு க்ளீட்டஸ் கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. நான்தான் திருகை மூடினேன். பத்ரோஸ் சொன்னது நெசம்."

துறைமுகச் சங்க அலுவலகத்தில் பெட்டியைச் சத்தமாகவே வைத்திருப்பார்கள். பக்கத்து ஏலக் கொட்டகையில் அந்நேரம் க்ளீட்டஸின் மனைவி ஃபிலோமினா மீன் கூடையோடு நிற்பாள்.

நான் எறிந்த கயிற்றைப் பிடித்துத் தன் படகில் கட்டியபோது வலேரியன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"முதல் தடவை கூப்பிட்டப்பவே நீங்க வீலை அவர் பக்கம் திருப்பிட்டீங்க. அவர்கிட்ட சொல்லட்டுமா?" என்றான் பத்ரோஸ்.

"சொல்லாதே."

துறைமுக வாய் தெரிந்தது. இரு கரையிலும் ஆட்கள் கூடியிருந்தார்கள். வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஒவ்வொரு முகத்தையும் வலேரியன் மெதுவாகக் கடந்து வரட்டும்.