ஏழாம் மாதத்தில் உளிச் சத்தம்

வெள்ளிக்கிழமை மாலை கடல் பக்கமிருந்து அடித்த காற்று எங்கள் வீட்டு முகட்டில் ஐந்து ஓடுகளை அசைத்துவிட்டது. பின்னால் வந்த மழை நேராக என் மகள் நித்தியாவின் கட்டில்மேல் சொட்டியது.

நித்தியாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து, ரவாங்கில் உள்ள புகுந்த வீட்டிலிருந்து தலைப்பிரசவத்துக்காக அவளை இங்கே கோலா சிலாங்கூருக்கு அழைத்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. எங்கள் குடும்பத்தில் பிரசவத்துக்கு வந்த எந்தப் பெண்ணும் பிள்ளை பெறாமல் திரும்பிப் போனதில்லை.

வீடு ஒழுகிய செய்தி மாப்பிள்ளை வழியாக ரவாங்குக்குப் போனது. மறுநாள் காலையிலேயே சம்பந்தியம்மா திலகம் தொலைபேசியில் அழைத்தார்.

“சம்மந்தி, பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்ல சுத்தியல், உளி எதையும் தொடக்கூடாது. பிள்ளைக்கு ஆகாது. தெரியும்ல?”

“தெரியும்.”

“ஒழுகுற வீட்லயும் எங்க மருமக இருக்கக்கூடாது. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிக்கிறோம்.”

செப்பனிடவும் கூடாது, ஒழுகவும் கூடாது. வீட்டில் இருப்பது இரண்டே அறைகள். முகடு இரண்டின் மேலும்தான் ஓடுகிறது.

முகட்டு ஓட்டை எடுத்துச் சும்மா வைத்தால் நிற்காது. அடியிலிருந்த பழைய சிமெண்டு வெடித்துப் போயிருந்தது. அதைக் கொத்தி எடுத்துவிட்டு, புதுக் கலவையில் ஓட்டை உட்கார வைக்க வேண்டும். சத்தமில்லாமல் கொத்த எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏணியைச் சார்த்தினேன். என் மனைவி ரமணி கீழே பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, அவங்க வந்துட்டுப் போகட்டுமே.”

“போறப்ப அவளையும்தான் கூட்டிட்டுப் போவாங்க. ஏணிய இறுக்கிப் பிடி.”

எனக்கு வயது எழுபத்தொன்று. நான்கு ஓடுகளின் அடியைக் கொத்தி முடித்திருந்தேன். சம்பந்தி வீட்டார் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து இறங்கினார்கள்.

“ஐயோ, நிறுத்துங்க சம்மந்தி!” திலகம் வாசல் கேட் அருகிலேயே நின்று கத்தினார். அக்கம்பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன.

நான் இறங்கவில்லை.

“நான் பொறந்த அன்னிக்கும் தோட்டத்து லயத்து வீட்டுத் தகரத்தக் காத்து தூக்கிருச்சு, சம்மந்தியம்மா. எங்கம்மா உள்ள வலியில கெடக்க, மேல நாலு பேரு ஆணி அடிச்சாங்க. பொறந்தவன் இதோ நிக்கிறேன். என்ன கொறைச்சல்?”

“தலைதான் கொஞ்சம் கெட்டியா போச்சு,” என்றாள் ரமணி, ஏணியடியிலிருந்து.

நித்தியா வாசலுக்கு வந்தாள். “அத்தை, நான் உள்ளதான் இருக்கேன். பேபி அது பாட்டுக்கு ஒதைச்சிட்டு இருக்கு லா.”

“நீ பேசாத. போயி பேக்க எடு.”

அவள் நகரவில்லை. எனக்கு அது போதும். கலவையை அள்ளினேன். அவர்கள் வருமுன் முடித்துவிடும் அவசரத்தில் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றியிருந்தேன். கலவை கரண்டியிலிருந்து வழிந்தது.

சம்பந்தி நல்லசாமி கீழேயிருந்து அண்ணாந்து கரண்டியைப் பார்த்தார். ரவாங்கில் ஓடு செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர்.

“சம்மந்தி, அது என்ன கலவையா, கஞ்சியா?”

“கலவைதான்.”

“அதுல வச்சா அடுத்த காத்துல ஓடு பக்கத்து வீட்டுக்குப் போயிரும். ஓட்ட நனைச்சீங்களா?”

நனைக்கவில்லை. காய்ந்த ஓட்டில் கலவை பிடிக்காது என்பதை மறந்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றினார், கால்சட்டையை மடித்தார், மீதமிருந்த சிமெண்டு பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்துவிட்டார்.

பெண்ணைக் கொடுத்த வீட்டுக் கூரையை மாப்பிள்ளையின் அப்பா வந்து சரி செய்தார் என்று நாளை நாலு பேர் பேசுவார்கள். இறங்குங்கள் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கலவை உண்மையிலேயே கஞ்சிதான். ஓடு பறந்தால் பெண்ணும் போவாள்.

“ஏறுனது ஏறிட்டீங்க. கலவைய நீங்க பாருங்க,” என்றேன்.

அவர் சிமெண்டைச் சேர்த்துக் கெட்டியாக்கினார். பிறகு கடைசி ஓட்டின் அடியில் விரலை விட்டுத் தடவினார். “இங்க பழசு இன்னும் ஒட்டிட்டு இருக்கே.” சொல்லிக்கொண்டே என் உளியை எடுத்தார். ஓங்கி நாலு போடு போட்டார்.

“ஏங்க! நீங்களுமா?” கீழேயிருந்து திலகத்தின் குரல்.

“ஓடு ஆடுது, திலகம். கொஞ்சம் சும்மா இரு.”

மதியத்துக்குள் ஐந்து ஓடுகளும் நூல் பிடித்ததுபோல உட்கார்ந்தன. எல்லாரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். நித்தியாவின் துணிகளுக்காகத் திலகம் கொண்டு வந்த பை காலியாகவே காரில் ஏறியது.

“பிள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா ஒங்க ரெண்டு பேரையும் சும்மா விட மாட்டேன்,” என்றார்.

நானும் நல்லசாமியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டோம்.

நேற்று மறுபடி காற்றும் மழையும். கட்டில் காய்ந்தே இருக்கிறது.

பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நடந்ததைப் பிள்ளை பிறந்தபிறகு எழுதுங்களேன் என்கிறாள் ரமணி. முடிவைப் பார்த்துவிட்டு வாய் திறக்கிறவன் நான் இல்லை. உளியை எடுத்தேன், கொத்தினேன். அதை இப்போதே சொல்கிறேன்.