தகப்பன் லீவுக்குக் காத்திருந்த பிள்ளை

அதிராம்பட்டினத்து அனீஸாவின் பிள்ளை இரண்டு வருஷம் வயிற்றிலேயே இருந்தது. சவூதியில், தம்மாமில் இருந்த தகப்பனுக்கு லீவு கிடைக்கவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கிடையாது. தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்து, வெளிநாட்டு சோப்பு உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கத் தொடங்கிய காலம் அது. எல்லாம் தாராளமாக வந்தது; லீவு மட்டும் வரவில்லை.

பிறக்கிற பிள்ளையின் காதில் தொழுகை அழைப்பான பாங்கைத் தானே சொல்ல வேண்டும் என்று தகப்பன் ஃபஹத் ஆசைப்பட்டான். மகனின் ஆசையை ஜன்னத் பீவி, கிரேக்கக் கப்பல் ஒன்றில் சமையல்காரராக இருந்த தன் தம்பி மீரா உசேனிடம் சொன்னார். அவர் ஊருக்கு வந்தபோது ஒரு தெய்வத்தைக் கையோடு கூட்டிவந்துவிட்டார்.

எலைதுயியா என்பது பெயர். வாயில் நுழையாததால் ஊர் அவளை லைலா ஆக்கிக்கொண்டது. அவள் நாட்டில் இடி, கடல், போர் போன்ற நல்ல இலாகாக்களைப் பெரிய குடும்பத்தார் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டு, மீந்ததைச் சின்னத் தேவதைகளின் தலையில் கட்டியிருந்தார்கள். ஒருத்தி கிண்ணத்தில் மது ஊற்றுவாள், ஒருத்தி வானவில்லில் ஏறிப்போய்த் தகவல் சொல்வாள், மூன்று பேர் வானத்து வாசற்கதவைத் திறந்து மூடுவார்கள். லைலாவுக்குப் பிரசவம். காலைப் பின்னி, விரல்களைக் கோத்துக்கொண்டு அவள் வாசலில் உட்கார்ந்தால் பிள்ளை பிறக்காது, பிரித்தால் பிறந்துவிடும். பெயருக்குத் தெய்வம், பார்ப்பது எடுபிடி வேலை. ஃபஹதும் தம்மாமில் பெயருக்கு சூப்பர்வைசர்தான்; கழுவுவது கார்.

தெய்வத்தை வீட்டில் வைக்கலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

“அல்லாவுக்கு இணை வைக்கத்தாங்க கூடாது. வேலைக்கு வச்சுக்கலாம்ல?” என்றார் ஜன்னத் பீவி.

லைலா அனீஸாவின் அறைவாசலில் பாய் போட்டு உட்கார்ந்தாள். கை கோத்தே இருந்ததால் ஜன்னத் பீவியே அவளுக்குச் சோறு ஊட்டிவிட்டார். ஃபஹதின் முதலாளி ரமலான் கழியட்டும் என்றார், பிறகு ஹஜ்ஜுப் பெருநாள் கழியட்டும் என்றார், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அனீஸாவின் வயிறு கதவு நிலையில் இடித்தது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து தூங்கினாள். பிள்ளைக்குப் பல் முளைத்து உள்ளிருந்தபடியே கடித்தது. டாக்டர் தேதியைத் திருத்தித் திருத்திக் கடைசியில் தேதி சொல்வதையே விட்டுவிட்டார். இப்படி ஒரு பொறுமைசாலி உண்டா என்று ஊரே மெச்சியது. மெச்சியவர்கள் யாரும் அந்த வயிற்றைச் சுமக்கவில்லை. பாவம், அவள்தான் சுமந்தாள்.

“மாமி, இனிமே எனக்கு முடியாது. ஒண்ணு இது வெளிய வரணும், இல்ல நான் போய்ச் சேரணும்,” என்றாள் அனீஸா.

“ஒரு மாசம் பொறுத்துக்கம்மா. மவன் டிக்கெட் போட்டுட்டான்,” என்றார் மாமியார். அந்த டிக்கெட்டை அவன் போடுவது மூன்றாவது தடவை.

அன்று மத்தியானம் அனீஸா அறைக்குள்ளிருந்து சாதாரணக் குரலில் சொன்னாள்: “லைலா, ஒனக்கு விசா வந்திருக்காம்.”

லைலா துள்ளி எழுந்தாள். கால் பிரிந்தது, கை பிரிந்தது, பெண் பிள்ளை பிறந்தது. அவள் ஊர் வழக்கப்படி ஏமாற்றியவளை மரநாயாக மாற்றியிருக்க வேண்டும். லைலா “எந்த ஏஜென்ட்?” என்றுதான் கேட்டாள். பொய் என்று தெரிந்ததும், நிஜ ஏஜென்ட் ஒருவரைத் தேடி மயிலாடுதுறைக்கு பஸ் ஏறினாள். இப்போது ரியாத்தில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாளாம். பிள்ளையின் காதில் பள்ளிவாசல் மோதினார் பாங்கு சொன்னார். ரிஃப்கா என்று பெயர் வைத்தார்கள்.

மறுவாரமே லீவு கிடைத்தது. பிரசவம் முடிந்துவிட்டதால் இனி அவசரமில்லை என்று முதலாளி உடனே கொடுத்துவிட்டார். ஃபஹத் பெட்டிகளோடு வந்து இறங்கியபோது ரிஃப்கா தானே நடந்து வாசலுக்கு வந்தாள். அண்ணாந்து அவனைப் பார்த்து, “எத்தன நாள் லீவு?” என்று கேட்டாள்.

பிறந்து பத்து நாளான பிள்ளை பேசியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அனீஸா உட்பட எல்லோரும் பதிலுக்காக ஃபஹதின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.