தகப்பனில்லாத முட்டைகள்

முப்பத்தாறு வயதில் ஒரு மனிதனுக்குத் தன் பெயரை எதற்காவது வைக்கவேண்டும் என்று தோன்றினால் படகுக்கு வைக்கலாம், நாய்க்குட்டிக்கு வைக்கலாம். மியுரா கடற்கரையின் சின்ன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த குசகாபேவுக்கோ, பந்து போல உருண்டு முள்ளோடு கிடக்கும் கடல் முள்ளெலியின் முட்டைக்குள் இருந்த ஒரு சவ்வுச் சுருளின் மேல் ஆசை வந்தது. புத்தி போகிற போக்கைப் பாருங்கள்.

அது விந்து படாமல், மருந்துத் துளியால் உசுப்பிவிட்ட முட்டை. மருந்து பட்டதும் தனக்குக் கல்யாணமே ஆகிவிட்டதாக நம்பி அது மேல்சவ்வைத் தூக்கிக்கொள்ளும். உள்ளேயிருக்கும் சவ்வுகளும் இடம் மாறும். பிறகு பெரும்பாலும் அப்படியே கிடந்து அழியும். ஆனால் ஆகஸ்டில் புயலடித்த ஒரு நாள் குசகாபே உசுப்பியவற்றில் நூற்றுக்கு இருபது, விந்து பட்டவை போலவே இரண்டாகவும் நான்காகவும் பிளந்தன. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நடுவில் வெங்காயம் போல அடுக்கடுக்காகச் சவ்வு. நோட்டில் "குசகாபே சுருள்" என்று எழுதினான், வெட்கப்பட்டு அடித்தான், மறுபடி எழுதினான்.

பேராசிரியர் இசோகாய்க்குத் தலைகால் புரியவில்லை. அக்டோபரில் டோக்கியோ மாநாட்டில் குசகாபேதான் பேசவேண்டும் என்றார். துணைப் பேராசிரியர் நாற்காலி காலியாக இருக்கிறது, கோட்டை விட்டுவிடாதே என்றும் சொன்னார்.

மாநாட்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஃபுமி ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். முட்டைகளை மெல்லிய சீவலாக வெட்டுவது அவள் வேலை. கத்தியைவிட வாய் கூர்மை.

"தகப்பனில்லாத முட்டைன்னு சொன்னீங்களே சார். இதுல ஒரு வால் தெரியுதே, அது யாரோடது?"

குசகாபே பார்த்தான். வட்டமாக ஒன்பது ஜோடிக் குழல், நடுவில் இரண்டு. விந்தணுவின் வாலைக் குறுக்கே வெட்டினால் அப்படித்தான் இருக்கும். முதல் வருட மாணவனுக்கே தெரியும். அவன் தூசி என்றான், வெட்டியதில் வந்த கோளாறு என்றான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, புயலடித்த அன்று டிராப்பரை எதில் கழுவினீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

குசகாபே நோட்டில் அந்த நாளைத் தேடிப் புரட்டினான். ஆண் முள்ளெலியைத் தொட்டால் கையையும் கண்ணாடிச் சாமான்களையும் குழாயின் நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். அதில்தான் விந்து சாகும். கடல்நீரில் சுகமாக நீந்திக்கொண்டிருக்கும். புயலன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் தனியாக வைத்த முட்டைகளுக்கு விந்து விட்ட டிராப்பரை, கர்மசிரத்தையாக மூன்று முறை, கடல்நீரில் அலசியிருந்தான். பிறகு அதாலேயே மற்ற முட்டைகளை எடுத்து மருந்துக் கிண்ணத்தில் விட்டிருந்தான்.

"சொல்றதும் சொல்லாததும் உங்க பாடு," என்று ஃபுமி போய்விட்டாள்.

படத்தை மேசை இழுப்பறைக்குள் தள்ளினான். பருவம் முடிந்தும் முட்டையோடு மிஞ்சியிருந்த நாலைந்து முள்ளெலிகளை வைத்து, நல்ல தண்ணீரில் கழுவி, எல்லாவற்றையும் திரும்பச் செய்தான். ஒரு முட்டைகூடப் பிளக்கவில்லை. சுருளும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

மாநாட்டில் சுருளைத் திரையில் காட்டியதும் மண்டபமே முணுமுணுத்தது. முதல் வரிசையில் இசோகாய் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் அப்பா மாதிரி பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். அங்கேயே நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் வால் படத்தையும் காலையில் பெட்டியில் வைத்திருந்தான். ஏன் வைத்தான் என்று அவனுக்கே சொல்லத் தெரியாது. அடுத்த படம் போடச் சொன்னான்.

"இந்த முட்டைக்கு அப்பா இருக்காருங்க. உள்ள விட்டது நான்தான். டிராப்பரைக் கடல்தண்ணியில கழுவிட்டேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும். இசோகாய் மட்டும் சிரிக்கவில்லை. துணைப் பேராசிரியர் நாற்காலி செண்டாய் ஊர்க்காரர் ஒருவருக்குப் போனது.

அடுத்த கோடையில் நிலையத்தின் நல்ல தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒரு பலகை தொங்கியது. "குசகாபே குழாய். ஆணைத் தொட்டவர்கள் இங்கே கழுவவும்." ஃபுமியின் கையெழுத்து. அவனுக்கு அவமானத்தில் காது சிவந்தது. கழற்றிவிட ஸ்க்ரூ டிரைவரோடு வந்தபோது, வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த ஆராய்ச்சியாளர் பெண் அங்கே கை கழுவிக்கொண்டிருந்தாள். யார் இந்தக் குசகாபே, பெரிய விஞ்ஞானியா, இப்போது உயிரோடு இருக்கிறாரா என்று பலகையைக் காட்டிக் கேட்டாள்.

குசகாபே ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"இருக்காருங்க," என்றான். "விரல் இடுக்குலயும் நல்லாத் தேய்ங்க."