மூன்று இஞ்சு ஒயிட் லை

“முப்பத்துநாலுன்னு என்கிட்ட சொன்னது நீங்களா, இல்ல உங்க தையல் மெஷினா?”

மருந்துக்கடைக்காரர் கேட்ட கேள்வி எதிர்ச் சாரியில் இருக்கும் சலவைக்கடை வரைக்கும் போய்விட்டு வந்தது. பின்பக்கம் தையல் விட்ட ஒரு கறுப்புப் பேன்ட்டைக் கொடி மாதிரி உயர்த்திப் பிடித்திருந்தார்.

“கொஞ்சம் மெதுவா பேசுங்க சார். துணி வாங்க ஆளுங்க வர்ற நேரம்.”

“வரட்டும். அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்.”

நடந்தது இதுதான். மருந்து வணிகர் சங்கம் அவருக்கு ஒரு ஷீல்டு தருவதாக இருந்தது. டெய்லரம்மாவிடம் தைக்க நாள் போதாது என்று, அவள் எப்போதும் சொல்லும் முப்பத்துநாலை நம்பி ரெடிமேடு கடையில் போனிலேயே ஒரு பேன்ட் சொல்லி வாங்கிவிட்டார். கொக்கி மாட்டவில்லை. வீட்டில் பார்த்துச் சொல்ல ஆளில்லாத ஒற்றை மனிதர்; ஊக்கு குத்தி, பெல்ட்டால் மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேடையேறினார். ஷீல்டை வாங்கக் குனிந்தார். மிச்சத்தை மைக்கே ஊருக்குச் சொல்லிவிட்டது.

டெய்லரம்மா அளவு நோட்டை மேசைக்கு அடியில் தள்ளினாள். ஏனென்றால் அதில் அவர் பெயருக்கு நேரே அவள் எழுதியிருந்தது முப்பத்தேழே கால். நாற்பது தாண்டிய ஆண்களுக்கு வாயால் சொல்லும்போது மூன்று இஞ்சு கழிப்பது அவள் வழக்கம். பிள்ளை பெற்ற பெண்களுக்கும் ஏறக்குறைய அதே சலுகை உண்டு. ஒல்லிப் பையன்கள் என்றால் மார்பில் ஓர் இஞ்சு கூட்டிச் சொல்வாள். துணியை வெட்டுவது என்னவோ நோட்டைப் பார்த்துத்தான். ஆகவே அவள் தைத்தது யாரையும் இறுக்கிப் பிடித்ததில்லை. இஞ்சு டேப்பைச் சுருட்டி வைக்கும்போது எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வரும். பதினோரு வருஷமாக அந்த வெளிச்சத்தில்தான் கடை ஓடியது.

இந்த நேரம் பார்த்து மாடியறையிலிருந்து தங்கை இறங்கி வந்தாள். கல்யாணமாகாத டெய்லரம்மாவுக்கு வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. படித்ததை இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தவள்.

“சார், அக்கா சொன்னது ஒயிட் லை. யாருக்கும் கெடுதல் பண்ணாம, மனசு நோகக் கூடாதேன்னு சொல்றது. இங்கிலீஷ்ல அதுக்குன்னு தனிப் பேரே இருக்கு.”

“எனக்குத் தெரிஞ்சது பச்சைப் பொய் ஒண்ணுதாம்மா. கெடுதல் இல்லையா? இந்தப் பேன்ட்டைக் கேட்டுப் பாரு.”

போகும்போது கெடு வைத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைக்குள் டெய்லரம்மா தானே எல்லாரிடமும் உண்மை அளவைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் தன் கடை வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார். டெய்லரம்மா அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். தெருவில் பாதிப் பேருடைய துணி அங்கே வெட்டக் காத்திருந்தது. நோட்டீஸ் ஏறினால் ஒன்றும் மிஞ்சாது.

அதற்குள் ஒயிட் லை தெருவில் நடமாட ஆரம்பித்துவிட்டது. எல்லாம் தங்கையின் புண்ணியம். வீட்டுப் பாடம் எழுதாத பிள்ளைகள் அதைச் சொன்னார்கள். சலவைக்கடைக்காரர், தொலைந்துபோன சட்டை இஸ்திரியில் இருப்பதாகச் சொன்னது ஒயிட் லை என்றார். பால்காரர்கூட அந்தப் பெயரில் தண்ணீரைச் சேர்க்கப் பார்த்தார். தங்கை படியிறங்கிப் போய், அது அந்தக் கணக்கில் வராது, நீங்கள் ஆதாயத்துக்குச் சொல்கிறீர்கள் என்று வகுப்பெடுத்துவிட்டு வந்தாள்.

‘அப்ப என்னுது?’ என்று டெய்லரம்மா தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டாள். அந்த முகவெளிச்சம் திரும்பத் திரும்ப ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறதே, அதில் ஆதாயம் இல்லையா?

வெள்ளிக்கிழமை துணிந்து பார்த்தாள். வந்தது டைப்ரைட்டிங் டீச்சர். “நாப்பத்திரண்டு டீச்சர்,” என்றாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். டேப் பழசாகிச் சுருங்கிவிட்டது என்றார். பிறகு தன் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவசரமில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று இறங்கிப் போனார். அது எந்த நிறத்துப் பொய் என்று தங்கையைக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் மொத்தக் கடையில் லைனிங் துணி வாங்கிக்கொண்டு, அந்தக் கட்டோடு நேரே மருந்துக்கடைக்குப் போனாள், கெஞ்சியாவது பார்ப்போம் என்று. உள்ளே கூட்டம். கை வலித்ததால் கட்டை வாசலில் இருந்த எடை மெஷின் மேல் வைத்தாள். தெருவே காலையும் மாலையும் ஏறி இறங்கும் மெஷின் அது. முள் எட்டில் போய் நின்றது. கட்டில் ஒட்டியிருந்த சீட்டோ பத்து கிலோ என்றது. தூக்கி, திரும்ப வைத்தாள். மறுபடியும் எட்டு.

நிமிர்ந்தால் மருந்துக்கடைக்காரர் எதிரே நிற்கிறார்.

“எட்டு காட்டுது சார்.”

“பழைய மெஷின்.”

“அடியில ஒரு திருகு இருக்கே, அதைத் திருப்பினா சரியாயிடுமா?”

அவர் கல்லா பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். குரலைத் தணித்தார். “டாக்டர் சொல்லி வர்றவங்களுக்கு உள்ள வேற மெஷின் வெச்சிருக்கேன். அது சரியா காட்டும். இது சும்மா வழியில போறவங்களுக்கு. இறங்கும்போது சிரிச்சுக்கிட்டே இறங்குறாங்க. அப்படியே உள்ள வந்து ஒரு சோப்பு, ஒரு தைலம்...”

“எனக்கும் உள்ள ஒரு நோட்டு இருக்கு சார். அது சரியா இருக்கும்.”

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது விளங்கியது. தெருவில் இத்தனை வருஷமாக ஒருத்தருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம் வேறொன்றுமில்லை. டேப் குறைத்துச் சொன்னதை மெஷினும் ஒப்புக்கொண்டது; மெஷின் குறைத்ததற்கு டேப் சாட்சி. மருந்துக்கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், எடை மெஷினையே பிடித்துக்கொண்டு சிரித்தார். இருமல் மருந்துக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“சரி, என் இடுப்பு நெஜமா எவ்வளவு?”

“முப்பத்தேழே கால்.”

“கால் வேறயா?” எழுதி வைத்திருந்த நோட்டீஸை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தார். திருப்பிப் போட்டு, முதுகில் அந்த எண்ணை எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “என்கிட்ட மட்டும் இனிமே கழிக்காம சொல்லுங்க.”

“சொல்றேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.”

அன்றிலிருந்து டெய்லரம்மா அளவெடுத்தால் வாயைத் திறப்பதில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்கிறாள், கேட்காவிட்டால் எழுதிக்கொள்கிறாள். வெளியே வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் சரியான எண்ணைச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுப்பாள். ஒரு வருஷத்தில் வாய்விட்டுக் கேட்டவர்கள் இரண்டே பேர். டைப்ரைட்டிங் டீச்சர் திங்கட்கிழமையே திரும்பி வந்தார், கேட்கவில்லை. வாசல் மெஷினின் திருகு திரும்பியதா என்பதை மட்டும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதில் ஏறி இறங்குகிறவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள், அவ்வளவுதான் தெரியும்.

மருந்துக்கடைக்காரர் வாரத்துக்கு ஒரு பேன்ட் தைக்கக் கொடுக்க ஆரம்பித்ததைத் தெரு கவனிக்காமல் இல்லை. ஒரு மனிதருக்கு எத்தனை கால்கள் என்று சலவைக்கடையில் கேட்டுக்கொண்டார்கள். ஏழாவது பேன்ட்டுக்குப் பிறகு இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். தங்கைக்கு வேறு ஊரில் ஹோட்டல் வரவேற்பில் வேலை கிடைத்தது; கல்யாணத்துக்கு மறுவாரம் ரயிலேறிவிட்டாள். அவள் இருந்த மாடியறையில் இப்போது பால்காரரின் மகளும் மருமகனும் குடியிருக்கிறார்கள்.