சாமியில்லை, தைச்சி

வாசலில் மறுபடியும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் கற்பூரம் எரிந்த கரி. கொளஞ்சியம்மாளுக்குக் கோபம் சுர்ரென்று தலைக்கு ஏறியது. பழத்தை ஓங்கி ஓர் உதை விட்டாள். அது உருண்டு போய்ப் பக்கத்து வீட்டு வேலியில் முட்டி நின்றது. வைத்தவளிடமே போய்ச் சேர்ந்ததில் அவளுக்குக் கொஞ்சம் திருப்தி.

"இன்னாக்கா, சாமி பழத்தப் போயி காலால ஒதைக்கிறே?" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இருசம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல. ஒடம்புக்குப் பண்ற பயிற்சின்னு எத்தினி தபா சொல்றது? தைச்சி. சீனக்காரங்க பண்றது. ஒனக்குக் காது கேக்குதா இல்லியா?"

"கேக்குது கேக்குது. எந்தச் சாமி நான்தான் சாமின்னு சொல்லிக்கினு வந்திருக்கு?"

இந்த மாதிரி ஆளிடம் எதைப் பேசுவது? கொளஞ்சியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் பிறந்தது மலேயாவில், ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தோட்டத்தை ஒட்டிச் சீனர்கள் குடியிருந்தார்கள். சாயங்காலத்தில் அவர்கள் திடலில் வரிசையாக நின்று, தண்ணீருக்குள் நடப்பதுபோல மெல்ல மெல்லக் கையைத் தூக்கிக் காலை வைப்பார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே இவள் பிடித்துக்கொண்டாள். போ என்று யாரும் விரட்டவில்லை. பிறகு குடியுரிமை இல்லையென்று வேலை பெர்மிட் பறிபோய், குடும்பத்தோடு வடக்கனந்தல் பக்கத்தில் இருந்த புருஷன் ஊருக்கு வந்தபோது நகை நட்டெல்லாம் வழியிலேயே தீர்ந்துவிட்டது. கொஞ்ச காலத்தில் புருஷனும் காமாலையில் போய்ச் சேர்ந்தான். கரும்பு வெட்டுவது அடுத்தவர் கொல்லையில், குடியிருப்பது மாமியார் மனையில். விடிகிற நேரத்தில் வாசலில் தனியாகச் செய்யும் தைச்சி ஒன்றுதான் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது.

அதையும் ஊர் விட்டுவைக்கவில்லை; அவள்மேல் பச்சையம்மன் வருகிறாள் என்றார்கள். சாமி வந்தவர்கள் குதிப்பார்கள், அலறுவார்கள். இவளோ ஆடி அசைந்து மெதுவாக நகர்கிறாள். அதற்கும் ஊரில் ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிட்டார்கள். பச்சையம்மன் தவம் செய்கிற அம்மன். தவத்தில் இருக்கிறவள் குதிப்பாளா, மெதுவாகத்தான் வருவாள்! தைச்சியைத் தொடங்கினால் முடிகிறவரை நிறுத்தக் கூடாது, பேசக் கூடாது. அதனால் யார் கூப்பிட்டாலும் அவள் திரும்ப மாட்டாள். போதாதா? அதுவும் சாட்சியாகிவிட்டது.

எண்பத்தேழாம் வருஷம் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. அவள் மகன் இளவரசன் அதில் முன்னால் நின்றான். பி.யூ.சி. படித்துவிட்டு, ஆபீஸ் வேலைக்கு எழுதிப் போட்டுப் போட்டு அலுத்து, மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் சீசனுக்குக் கரும்பு இறக்கப் போகிறவன். "மரியாதயா கேட்டா எவன் குடுக்கறான்? ரோட்டுல ஒக்காந்தாதாம்மா திரும்பியே பாக்கறான்" என்பான். அவன் கேட்டதில் தப்பில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் கச்சிராயபாளையம் ரோட்டில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்தபோது கோடாலி நழுவி அவன் கணுக்காலிலேயே பாய்ந்துவிட்டது.

"கெவர்மெண்ட்ட வெட்டப் போயி ஒங் கால வெட்டிக்கினு வந்து நிக்கிறியே" என்று திட்டிக்கொண்டே மஞ்சள் அப்பிக் கட்டுப் போட்டாள்.

மறுநாள் விடியும்போதே போலீஸ் வந்தது. ஆம்பிளைகள் கரும்புக்குள் ஓடிவிட்டார்கள். வீட்டுக்குள் படுத்திருந்த இளவரசனால் காலை ஊன்றவே முடியவில்லை. முந்தின நாள் பக்கத்து ஊரில் ஒருவனை விலா எலும்பு முறிய அடித்திருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கொளஞ்சியம்மாள் அப்போதுதான் தைச்சியைத் தொடங்கியிருந்தாள். இன்ஸ்பெக்டரும் நாலைந்து போலீஸ்காரர்களும் நேரே அவள் வாசலுக்கு வந்தார்கள். கதவுக்கும் அவர்களுக்கும் நடுவில் அவள் மட்டும்தான்.

"கிட்ட போவாதீங்க சார்! பச்சையம்மா வந்திருக்கா!" என்று வேலியோரத்தில் இருசம்மாள் அலறினாள்.

போலீஸ்காரர்கள் அப்படியே நின்றார்கள். எல்லாரும் இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். ஏட்டு ஒருவர் குனிந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்.

சாமி இல்லை என்று ஒரு வார்த்தை. இத்தனை வருஷமாகத் தொண்டை வற்றச் சொன்ன வார்த்தைதான். இப்போது சொன்னால் நம்புவார்கள். நம்பி உள்ளே புகுந்து பிள்ளையை இழுத்துப்போட்டு அடிப்பார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. வலக்கை மேலேறியது, இடக்கை கீழிறங்கியது. மெதுவாகச் செய்கிற இந்த ஒவ்வொரு அசைவும் உண்மையில் ஓர் அடி, ஒரு தள்ளு. வேகமாகச் செய்தால் இன்ஸ்பெக்டரின் குரல்வளை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கோபத்தில் மூச்சு நெஞ்சுக்கு ஏறி, கால் தரையில் பதிய மறுத்தது.

"சாமியாமே! அப்ப சாமியே சொல்லட்டும்யா, மரத்த வெட்டனது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வாழ்க்கையில் முதல் முறையாக அவள் தைச்சியை நடுவில் நிறுத்தினாள்.

"நாந்தாண்டா வெட்டனேன்! எம் மண்ணு, எம் மரம். இந்த ஜனம் கேட்டது கெடைக்கிற வரிக்கும் அது அங்கியேதான் கெடக்கும். இன்னாடா பண்ணுவே?"

அதில் நடிப்பு ஒன்றுமில்லை. பெர்மிட்டைப் பிடுங்கியவன், கூலியைக் குறைத்தவன், எலுமிச்சம்பழம் வைத்தவள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் அந்தக் குரல் வந்தது. ஏட்டு கையெடுத்துக் கும்பிட்டார். "தாயே, ஐயா வெளியூரு, மன்னிச்சிடு." இன்ஸ்பெக்டர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் காலை எடுத்து வைக்கவில்லை. தூவென்று துப்பிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் அவள் கதவைத் திறந்தபோது வாசல் முழுக்க ஜனம். வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், எலுமிச்சை மாலை. அந்த ஏட்டுகூட, காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு, தேங்காயோடு நின்றார். எல்லோருக்கும் முன்னால், அவளுக்கு முன்பே எழுந்து பின்வாசல் வழியாக வந்திருந்த இளவரசன், ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு, கற்பூரத் தட்டோடு.

"அம்மா, நேத்து பேசனது பச்சையம்மாதானே? எனக்காவ வந்துச்சி, இல்ல?"

தூளியில் கிடந்து தைச்சியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. அது சாமியில்லை என்று தெரிந்த ஒரே பிள்ளை. பேசினது நான்டா, உன்னைப் பெத்தவடா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் ஏட்டுக்குக் கேட்கும். போலீஸ் ஜீப் இன்னும் கடைத்தெருவில்தான் நின்றது.

"ஆடு தாயே, ஆடு!" என்றது கூட்டம்.

வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று கையைப் பாதி உயர்த்தினாள். எல்லாக் கைகளும் கும்பிட்டபடி கூடவே உயர்ந்தன. அவள் தன் கையைத் தொப்பென்று கீழே போட்டாள்.

பிறகு கொண்டையைப் பிடித்து அவிழ்த்தாள். ஓவென்று அலறினாள். குதித்தாள், சுழன்றாள், நாக்கைத் துருத்தினாள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அதே பழைய ஆட்டம். கூட்டம் குலவையிட்டது. தைச்சியிலிருந்து ஒரு விரலசைவைக்கூட அவள் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

இளவரசன் காலில் விழுந்தான். தட்டிலிருந்து திருநீற்றை அள்ளி, வலிக்கட்டும் என்றே, அவன் நெற்றியில் அழுத்தித் தேய்த்தாள்.