மேலேயிருந்து வந்த கட்டளை

வீட்டில் மாமியார் இளைய மருமகளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவது போதாதென்று, மூத்தவள் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கே இளையவளும் வந்து சேர்ந்த பிறகு அங்கே மேனேஜரும் அதே கூத்து. மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

இருவரும் வேலை செய்வது ஒரே மென்பொருளில்தான். மேல் ஃபோல்டரில் இளையவள் ஒரு கட்டளை கொடுத்தால், அது கீழே இருக்கும் ஃபோல்டர் ஒவ்வொன்றுக்கும் போய், அதில் எழுதியிருப்பதை ஓடக்கூடிய புரோகிராமாக 'பில்டு' செய்யும். அன்று சோதித்துப் பார்ப்பதற்கான 'டெஸ்ட் மோடு' என்று கொடுத்தும், மூத்தவளின் ரிப்போர்ட் ஃபோல்டர் மட்டும் வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கான 'ரிலீஸ் மோடு' என்றே அடம்பிடித்தது.

"மேலேருந்து ஒழுங்கா அனுப்பினாத்தானே கீழ வந்து சேரும்?" என்று மேனேஜர் காதில் விழும்படி சொன்னாள் மூத்தவள். பிறகு மேல் ஃபோல்டரில் இருந்த இளையவளின் கட்டளை ஃபைலைத் திறந்து, பேன் பார்ப்பதுபோல வரிவரியாகத் துழாவினாள். ஒரு குறையும் அகப்படவில்லை.

வேறு வழியில்லாமல் தன் ஃபோல்டரின் கட்டளை ஃபைலைத் திறந்தாள். மேலேயிருந்து எது வந்தாலும் தள்ளிவிட்டு 'ரிலீஸ் மோடு' என்றே வைத்துக்கொள்ளச் சொல்லும் வரி ஒன்று அங்கே இருந்தது. மேல் ஃபோல்டருக்கு இளையவள் பொறுப்பேற்ற அன்று, 'இவள் சொல்லி நான் கேட்பதா?' என்ற வீம்பில் மூத்தவளே எழுதியது. சத்தமில்லாமல் அதை அழிக்கப் போனபோது இளையவள் பின்னால் வந்து நின்றாள்.

"அந்த வரிய காலையிலயே பாத்துட்டேன்க்கா. காரணமில்லாம எழுதமாட்டீங்கன்னு தொடல. மேனேஜர்கிட்ட என் தப்புன்னு சொல்லிட்டேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட வயிறு குளிர்ந்திருக்கும். பெருந்தன்மையிலும் இவளே முந்திக்கொண்டாளே! அழிக்கப் போன வரியை அப்படியே விட்டுவிட்டு விருட்டென்று எழுந்து போனாள் மூத்தவள்.