முறைக்காய்ச்சலில் வந்த மனுஷன்

குருவிநத்தத்தில் ஒருவனுக்குப் புத்தி பேதலித்தால், அதற்குக் காரணம் சொல்ல ஊரே முண்டியடித்துக்கொண்டு வரும். தணிகைவேலுக்கும் அப்படித்தான். உச்சிவேளையில் ஆற்றங்கரைப் புளியமரத்தடியில் படுத்துத் தூங்கினான் என்றாள் ஒருத்தி. பங்காளி சோற்றில் வைத்த மருந்து என்றாள் இன்னொருத்தி. முந்தின மழைக்காலத்தில் ஊரில் பாதிப் பேரைச் சுருட்டிப் போட்ட சளிக்காய்ச்சலில் அவனும் நெடுநாள் கிடந்தான், எழுந்த பிறகுதான் இந்தப் பேச்சு வந்தது என்று அவன் பெண்டாட்டி செங்கமலம் சொன்னதை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெறும் காய்ச்சலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பேச முடியும்?

கரும்புத் தோட்டத்துக்குள்ளிருந்து ஆட்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பான் தணிகைவேல். அதைக்கூடத் தெரு பொறுத்துக்கொண்டது. செங்கமலத்தைப் பார்த்து, "இவ என் பொண்டாட்டி இல்ல. எவளோ அவ மூஞ்சிய மாட்டிக்கினு வந்து வூட்டுல பூந்துட்டா" என்றதுதான் தெருவுக்குப் பெருவிருந்து.

"அப்ப அசலு எங்கடி போனா? எங்களுக்காச்சும் சொல்லேன்" என்று கிணற்றடியில் காசம்மாள் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். செங்கமலமும் சிரித்தாள். பிறகு மாட்டுக்கொட்டகையில் போய் நின்று அழுதாள். அதையும் வேலிவழியே எட்டிப் பார்த்துச் சொன்னவள் காசம்மாள்தான்.

மூன்று வருஷம் இப்படியே போயிற்று. அந்த ஐப்பசியில் பாகூர் ஏரி நிரம்பி, வாய்க்கால் எல்லாம் தளும்பி, வீட்டுக்கு வீடு முறைக்காய்ச்சல் புகுந்தது. ஒருநாள் குளிர், மறுநாள் ஓய்வு, அதற்கு மறுநாள் திரும்பவும் குளிர். தணிகைவேலையும் அது விடவில்லை. இருக்கிற கம்பளி, சாக்கு எல்லாவற்றையும் போட்டுப் போர்த்தியும் கட்டில் கிடுகிடுவென்று ஆடியது. பிற்பகலில் குளிர் நின்று, உடம்பு அனலாய்க் கொதித்தது. செங்கமலம் ஈரத்துணியை நெற்றியில் போட்டாள்.

"கமலா, கரும்புக்கு இந்த வருஷம் யாரும் மண்ணு அணைக்கலயா? ஏன் எல்லாம் சாஞ்சி கெடக்குது?"

கமலா என்று அவளைக் கூப்பிடுகிற வாய் உலகத்திலேயே ஒன்றுதான். அது மூன்று வருஷமாய் அவளை யாரென்று கேட்டுக்கொண்டிருந்தது.

சேதி பரவ எவ்வளவு நேரமாகும்? மாமியார் விருத்தாம்பாள் தன் வேண்டுதல் பலித்தது என்றாள். தான் அடித்த வேப்பிலைக்குத்தான் பேய் ஓடியது என்றார் பூசாரி நடேசன். மாதா கோயில் கோயில்பிள்ளை அந்தோணிசாமி, போன மாதம் தான் கொடுத்தனுப்பிய தீர்த்தத்தை நினைவூட்டிவிட்டுப் போனார். ஒரு பைத்தியத்தை மூன்று பேருக்குப் பங்குபோட முடியாமல் தெரு திண்டாடியது.

செங்கமலம் யாரோடும் வாதாடவில்லை. உடம்பு கொதிக்கும்போது அவர் வருகிறார், ஆறினால் போய்விடுகிறார் என்பது அவளுக்கு நாலைந்து முறையிலேயே தெரிந்துவிட்டது.

சர்க்கார் மருந்துக்காரர் சூசைநாதன் வீடுவீடாகக் காய்ச்சலை நிறுத்தும் கொயினா மாத்திரை கொடுத்துக்கொண்டு வந்தார்.

"கசப்புன்னு துப்பிடப் போறாரு, பாத்துக் குடும்மா. வுட்டா வயித்துல கட்டி வரும், ரத்தம் வத்திப்பூடும்."

"ஐயா, இந்தச் சூடு எங்கருந்து வருது?"

"ஒடம்புக்குள்ள பூந்த எதிரியோட நம்ம ரத்தம் சண்ட போடுது. அந்த அனலுதாம்மா."

"அந்தச் சண்டையில, புத்தியில குந்தியிருக்கிறவனும் அடிபடுவானா?"

சூசைநாதன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சீமையில பெரிய டாக்டருங்க ஏதோ ஒரு பைத்தியத்துக்கு வேணும்னே காய்ச்சல் ஏத்தறாங்கன்னு பேச்சு. அது வேற வியாதி. இவருக்கு இன்னான்னு எனக்குத் தெரியாது தாயி. நீ மாத்திரயக் குடு."

அவள் கொடுக்கவில்லை. துணியில் முடிந்து கூரை எரவாணத்தில் செருகிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் நடத்தியது ஒரு குடித்தனம். குளிர் வரும் நாளில் விடியும்போதே தலைவாரிப் பூ வைத்துக்கொள்வாள். "புருஷனுக்குக் குளிர்காய்ச்சல், பொண்டாட்டிக்குக் கனகாம்பரமா?" என்று காசம்மாள் மோவாயில் கைவைத்தாள். தெருவும் வைத்தது. அனல் மூச்சோடு அவர் நிலத்தைப் பற்றிக் கேட்பார், செத்துப்போன தன் அப்பாவின் நடையை நடித்துக் காட்டுவார், அவள் கையை எடுத்து மார்மேல் வைத்துக்கொள்வார். இன்னும் ஒரேயொரு முறை, அதோடு கொடுத்துவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தாள். இதற்குள் அவர் கண் மஞ்சளித்தது. வயிற்றின் இடப்பக்கம் கல்லாய் இறுகியது. கஞ்சித் தம்ளரைத் தூக்கக்கூட கையில் தெம்பில்லை.

ஒருநாள் கொதிப்பில் கிடந்தவர் கேட்டார்:

"கமலா, எல்லா வூட்டுலயும் எழுந்து நடக்கிறானுங்க. நமக்கு மட்டும் மருந்து குடுக்கலயா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்வதற்கா இந்த மனுஷனை வரவழைத்தாள்?

"குடுத்தாருங்க. நான்தான் ஒளிச்சி வெச்சிருக்கேன். அத முழுங்கினா நீங்க பூடுவீங்க."

அவர் அவள் பக்கம் புரண்டு படுத்தார்.

"அந்தப் புத்தியில ஒன்ன திட்டறனா?"

"திட்டுவீங்க."

"அடிக்கிறனா?"

"எப்பவாச்சும்."

"அடிச்சா காசம்மா வூட்டுக்கு ஓடிப்பூடு. நல்லவளோ கெட்டவளோ, கதவத் தொறப்பா. கத கேக்கவாச்சும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். சிரித்ததில் மூச்சு இரைத்தது.

"எனக்குச் சாவ பயமாக்கீது கமலா. அந்த மாத்திரயக் கொண்டாந்து குடு."

உன்னோடு இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவர் சொல்வார் என்று அவள் மனத்தின் ஒரு மூலை காத்திருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. எரவாணத்திலிருந்து முடிச்சை எடுத்து வந்து, வாழைப்பழத்தில் புதைத்துத் தன் கையாலேயே ஊட்டினாள். பழம் முழுக்க இறங்கும்வரை அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காய்ச்சல் இறங்கியது. தை பிறப்பதற்குள் தணிகைவேல் எழுந்து நடமாடினார். உடம்பு தேறத் தேற, கரும்புத் தோட்டத்து ஆட்கள் பழையபடி பேச ஆரம்பித்தார்கள். விருத்தாம்பாள் வேண்டுதலில் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்றாள். நடேசனும் அந்தோணிசாமியும் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. கிணற்றடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. காசம்மாள் மட்டும் ஒன்றும் கேட்காமல் அவள் குடத்தையும் சேர்த்து இறைத்து வைத்தாள்.

ஒரு காலை செங்கமலம் கஞ்சியைக் கொண்டுபோய் அவர் முன் வைத்தாள். அவர் பின்னுக்கு நகர்ந்தார்.

"யாரு நீ?"

மூன்று வருஷமாய் இந்தக் கேள்விக்கு அழுதும் சத்தியம் செய்தும் பதில் சொல்லியிருக்கிறாள். இப்போது அதற்குத் தெம்பில்லை.

"வூட்டு வேலைக்கு வந்திருக்கேங்க."

அவர் முகம் தெளிந்தது. கஞ்சியை நிதானமாகக் குடித்தார். குடித்துவிட்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்தினார்.

"என் பொண்டாட்டி வந்தா சொல்லு. நான் தேடறேன்னு."

"சொல்றேங்க" என்று சொல்லித் தம்ளரை எடுத்துக்கொண்டாள் செங்கமலம்.